சூட்டோடு திறந்த பேரிங்

பேரிங் கடைக்கு வருகிற இளவட்டங்களை எனக்கு ரொம்பப் பிடிக்கும். கையில் ஒரு கேட்லாக், சட்டைப் பையில் ஒரு பேனா, முகத்தில் ஒரு அவசரம். "இருக்கிறதிலேயே உசத்தியான கிரேடு எதுவோ அதையே குடுங்க" என்பார்கள். எந்த மிஷினுக்கு என்று கேட்டால் மாவு மில்லுக்கு என்பார்கள். மாவு மில்லுக்கு அந்தப் பேரிங்கைப் போடுவது, களை வெட்டப் போகிறவன் பட்டு வேட்டி கட்டிக்கொண்டு போகிற மாதிரி. நான் சிரித்தால் கோபித்துக்கொள்வார்கள். கடை என் மருமகனுடையது. நான் ஓய்வு பெற்றவன், பழக்க தோஷத்தில் தினமும் போய் அங்கே உட்காருகிறேன். வாங்க வருகிறவர்களைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது என்று மருமகன் எனக்குத் தடை போட்டிருக்கிறார்.

போன மாதம் பேரிங் செய்கிறவர்கள் கிரேடுகளுக்குப் புது எழுத்தும் புது எண்ணும் கொடுத்துவிட்டார்கள். அதிலிருந்து கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் குழம்பிப்போய் என்னிடம் வருகிறார்கள். "அந்தக் காலத்துல நீங்க எதை வச்சுத் தேர்ந்தெடுத்தீங்க பாய்?" என்று கேட்கிறார்கள். ஆளாளுக்கு வாயால் சொல்லி மாளவில்லை. ஒரே தடவையாக எழுதிவிடுகிறேன்.

நான் துறையூர்க்காரன். காசீம் என்று பெயர். எங்கள் அத்தா மிளகும் புளியும் வாங்கி விற்றவர். கொல்லிமலையிலிருந்து புளியஞ்சோலைக்கு இறங்குகிற தலைச்சுமைகளுக்காக ஆற்றங்கரையில் காத்திருப்பது அவர் தொழிலில் பாதி. எனக்கு மிளகு தும்மலைத் தவிர வேறொன்றும் தரவில்லை. ஆகவே திருச்சியில் ஒரு ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் சேர்த்துவிட்டார். அங்கே அரம் பிடித்தது, கை காய்த்தது, மேஸ்திரியிடம் குட்டு வாங்கியது எல்லாம் என் வயசுக்காரர்கள் எல்லாரும் சொல்கிற கதைதான். அதைத் தாண்டிவிடுவோம். வெளியே வந்ததும் மிஷின்களை விற்று, கொண்டுபோய் நிறுத்தி, ஓட்டிக் காட்டி ஒப்படைக்கிற ஒரு கம்பெனியில் ஃபிட்டராகச் சேர்ந்தேன். அங்கேதான் தேவசகாயம் சார் இருந்தார்.

தேவசகாயம் சார் எங்கள் இஞ்சினியர். திருநெல்வேலிப் பக்கம். ஒல்லியான உயரமான ஆள். எப்போதும் வாயில் ஒரு கிராம்பு இருக்கும். கோபம் வந்தால் கிராம்பைத் துப்புவார். அதைப் பார்த்ததும் நாங்கள் ஆளுக்கொரு வேலையைக் கையில் எடுத்துக்கொள்வோம்.

பேரிங்கை வெறுங்கையால் தொட அவர் யாரையும் விட்டதில்லை. வேர்வை பட்டால் துருவேறும் என்பது காரணம். பழைய வேட்டியைத் துவைத்துக் காயவைத்துச் சதுரம் சதுரமாகக் கிழித்து வைத்திருப்பார். "அவங்களத் துணியில ஏந்துலே" என்பார். பேரிங் அவருக்கு 'அது' இல்லை, 'அவங்க'. அவங்களை முதலில் ஒரு தட்டு மண்ணெண்ணெயில் கழுவ வேண்டும். பிறகு இன்னொரு தட்டில், புது மண்ணெண்ணெயில் கழுவ வேண்டும். அதன்பின் வெட்டிய தகர டின்னில் மிஷின் ஆயிலை ஊற்றி அடுப்பில் வைத்து, பேரிங்கைக் கம்பியில் கட்டி அடி தொடாமல் அந்த எண்ணெயில் தொங்கவிட வேண்டும். பேரிங் என்பது ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு வளையம், நடுவே உருளுகிற குண்டுகள். சூட்டில் உள்வளையம் ஒரு மயிரிழை விரியும். விரிந்த வாக்கில் எடுத்து, ஒரே தள்ளில் மிஷினின் சுழல்தண்டான ஷாஃப்டில் ஏற்றி, ஆறும்வரை அழுத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஆறினால் கவ்விக்கொள்ளும். சுத்தியலால் தட்டி ஏற்றுகிறவனை அவர் ஃபிட்டர் என்று சொல்லமாட்டார், கொத்தனார் என்பார்.

மிஷின் ஓட ஆரம்பித்ததும் அடுத்த சடங்கு. மரப்பிடி போட்ட இரும்புக் கோல் ஒன்று வைத்திருந்தார். நுனியைப் பேரிங்கை மூடியிருக்கும் பெட்டியில் ஊன்றி, பிடியைக் காதோடு ஒட்டி, கண்ணை மூடிக்கொள்வார். அப்போது யாரும் இருமக்கூடாது. "நல்ல மிஷின் பேசாதுலே. பேசினா ஏதோ கொறைன்னு அர்த்தம்" என்பார். அவர் நிறுத்திக் கொடுத்த மிஷின்கள் பேசாது. அந்தப் பெயர் அவருக்குத் திருச்சியிலும் சேலத்திலும் இருந்தது. அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு, எங்களுக்கு அதைவிட அதிகமாகவே உண்டு.

கிரேடு என்றால் என்ன என்பதை அவர் எனக்குப் புரியவைத்தது சேலத்தில் ஒரு பட்டறையில். அங்கே ஒரு லேத் கடைந்த உருப்படிகளில் எல்லாம் சன்னமான வரிகள் விழுந்தன. கண்ணுக்குத் தெரியாது, நகத்தால் வருடினால் தெரியும். சார் அந்த லேத்தில் உருப்படியைச் சுழற்றும் ஸ்பிண்டிலில் இருந்த சாதாரணப் பேரிங்கைக் கழற்றிவிட்டு உசத்தி கிரேடைப் போட்டார். வரி போய்விட்டது. அதே வாரம் பக்கத்து ஊரில் ஒரு இறைவைப் பம்புக்கு மிகச் சாதாரணமானதைப் போட்டார். நான் முழித்தேன். "லேத்து ஆடினா உருப்படியில தெரியும். பம்பு ஆடினா தண்ணியில தெரியுமாலே?" என்றார்.

இதில் இன்னொரு விஷயமும் உண்டு. இன்றைய பிள்ளைகள் இரண்டு சங்கதிகளைப் போட்டுக் குழப்பிக்கொள்வது இதில்தான். கிரேடு என்பது ஒரு பேரிங்கை எவ்வளவு பிசகில்லாமல் செய்திருக்கிறார்கள் என்கிற சங்கதி. குண்டுகளுக்கும் வளையங்களுக்கும் நடுவே எவ்வளவு ஆட்டம் விட்டிருக்கிறார்கள் என்பது வேறு சங்கதி. ஆட்டம் அதிகமாக இருந்தால் மட்டம் என்று அர்த்தமில்லை. இறுக்கமாக இருந்தால் உசத்தி என்றும் இல்லை. இப்போது இதை நான் எவ்வளவு சுலபமாக எழுதிவிட்டேன், பாருங்கள். எங்களுக்கு இது புரிய ஒரு மலை ஏற வேண்டியிருந்தது.

அது யுத்த காலம். பேரிங் குதிரைக்கொம்பாக இருந்தது. சமவெளியிலிருந்த ஒரு காப்பி வியாபாரி, கொல்லிமலையில் திருப்புலி நாட்டில் காப்பி காயவைக்கும் டிரம் ஒன்றை நிறுத்தித் தரும்படி எங்கள் கம்பெனியைக் கேட்டார். நன்றாகக் காய்ந்த காப்பி கிடைத்தால் அவருக்கும் லாபம்.

காப்பியைப் பற்றி இரண்டு வார்த்தை. மலைக்காரர்கள் பலா மரத்து நிழலில் காப்பிச் செடி வைத்திருந்தார்கள். பழத்தைப் பறித்துத் தோலை உரித்துக் கழுவி, பாயில் பரப்பிக் காயவைக்க வேண்டும். ஆனால் பழம் பழுக்கிற காலத்தில்தான் மலையில் பனிமூட்டம் இறங்கும். இறங்கினால் சுலபத்தில் போகாது. பாயில் கிடக்கிற காப்பி பூசணம் பூத்து நாறிவிடும். அதற்குப் பயந்து, பழத்தை மரத்தோடு கீழ்நாட்டு வியாபாரிக்கு அவன் சொன்ன விலைக்கு விட்டுவிடுவார்கள். டிரம் வந்தால் அந்தக் கதை தீரும். பெரிய தகர உருளை, நடுவே குழாய் போன்ற ஷாஃப்ட். ஒரு முனையில் அடுப்பு. அடுப்பின் சூட்டுக் காற்று ஷாஃப்டின் வயிற்றுக்குள் புகுந்து, அதிலிருக்கிற ஓட்டைகள் வழியாக டிரம்முக்குள் பரவும். ஓடைத் தண்ணீரில் சுழலும் சக்கரம் பெல்ட் போட்டு டிரம்மை மெதுவாகப் புரட்டும். வெயிலே வேண்டாம்.

மலைமேல் அப்போது ரோடு கிடையாது. டிரம்மைத் தகடு தகடாகத் தலையில் ஏற்றிப் புளியஞ்சோலை வழியாகக் கொண்டுபோனோம். மேலே போய்த்தான் ரிவெட் அடித்து உருளையாக்கினோம். பேரிங் மட்டும் சாரின் தோள் பையை விட்டு இறங்கவில்லை.

அந்தப் பையில் இரண்டு ஜோடி இருந்தன. ஒரு ஜோடி எங்கள் ஸ்டோரிலிருந்து வந்தது. சாதாரண கிரேடு, ஆட்டமும் கூடுதல். யுத்தத்தில் ஸ்டோர்க்காரரிடம் அந்த அளவில் வேறு எதுவும் இல்லாததால் அதைக் கொடுத்தார். இன்னொரு ஜோடி சாரின் சிநேகிதர் ஒருவர் பெரிய மனசு பண்ணிக் கொடுத்தது. லேத் ஸ்பிண்டிலுக்கென்றே செய்த உசத்தி கிரேடு, ஆட்டம் என்பதே தெரியாத இறுக்கம். மேலே போனதும் சார் முதல் ஜோடியைத் துணியில் ஏந்திக் காதருகே குலுக்கினார். "கெழவன் பல்லு மாதிரி ஆடுதாங்களே" என்றார். இரண்டாவது ஜோடியை எடுத்துச் சுழற்றினார். சத்தமே இல்லை. "இவங்கதாம்லே" என்றார். அந்த முகத்தில் மாப்பிள்ளை பார்த்து முடித்த தகப்பனின் நிம்மதி இருந்தது. எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. ஆட்சேபம் சொல்ல நான் யார், அவரே சொல்லியிருக்கும்போது.

டிரம்முக்காகப் போட்ட கொட்டகை நின்ற நிலம் சடைச்சியக்காவுடையது. அக்காவுக்கு நாற்பது வயசு இருக்கும். கணவர் வெள்ளையன் சாமையும் மரவள்ளியும் மிளகும் பார்த்துக்கொண்டார். காப்பித் தோட்டம் முழுக்க அக்கா கையில். டிரம் வருகிறது என்றதும் அந்த நாட்டு ஊர்க்கூட்டத்தில் எல்லாரும் தயங்கியிருக்கிறார்கள். இந்த அக்காதான் எழுந்து, "எடம் நான் தாரேன். மெசினுக்கு நான் பொறுப்பு. மொதல்ல எம்பட காப்பிய உள்ள போடறேன். அது நல்லபடியா வந்தா நீங்களும் கொண்டாங்க. வராட்டி, பழத்த மரத்தோட வித்துப்போடலாம், நான் இனி வாயத் தொறக்கல" என்று சொல்லிவிட்டார். இதை எங்களுக்குச் சொன்னவர் அரப்பளி என்ற பக்கத்துத் தோட்டக்காரர். சொல்லும்போது அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "எரும மாட்டத் தகரத்துல செஞ்சாப்புல இருக்குதுங்க. இது காப்பியக் காயவெக்குமுங்களா?" என்று டிரம்மைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

முதல் ஓட்டத்தில் கொஞ்சம் காப்பியை மட்டும் போட்டுப் பார்த்தோம். சார் தீக்குச்சி கிழித்து அடுப்பை மூட்டினார். டிரம் அன்னநடை போட்டது. கோலைக் காதில் வைத்துக் கண்ணை மூடியவர், "தூங்குதாங்க" என்றார். மத்தியானம் ஆனதும் பெல்ட் கிறீச்சிட்டது. டிரம் முனகியது, நின்றது. அடுப்பை அணைத்து, ஈரக் காப்பியை வெளியே வாரிக் கொட்டினோம். மறுநாள் காலையில் ஆறிய பேரிங்கைத் திறந்து பார்த்தால் ஒரு குற்றமும் இல்லை. டிரம்மை ஒரு விரலால் தள்ளினாலே சுற்றியது.

பெல்ட்தான் வழுக்கியிருக்கும் என்று பெல்ட்டை மாற்றினோம். மறுபடி ஓட்டினோம், மறுபடி மத்தியானத்தில் நின்றது. மறுபடி அணைத்தோம், ஆறவிட்டோம், திறந்தோம். பேரிங் பச்சைப் பிள்ளை போலச் சிரித்தது. டிரம்மைத் தாங்குகிற தூண்கள் பலா மரம், ஈரத்தில் ஊதியிருக்கும் என்று மட்டம் பார்த்தோம். தண்ணீர்ச் சக்கரத்தைச் சந்தேகப்பட்டோம். சூட்டில் ஷாஃப்ட் நீளும் என்பது சாருக்குத் தெரியாதா? மறு முனைப் பேரிங் நகர்ந்துகொடுக்க அவர் முன்பே இடம் விட்டிருந்தார். அதையும் பார்த்தோம், சரியாகவே இருந்தது. சார் கிராம்பு டப்பாவைக் காலி செய்துவிட்டார். அரப்பளி தினமும் வந்து, "எரும இன்னைக்கு எந்திரிக்குமுங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார். கேட்ட எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நாங்கள் இறக்கிய மிஷினைப் பார்த்து அதுவரை யாரும் சிரித்ததில்லை.

அதற்குள் சடைச்சியக்காவின் பழம் முழுக்கப் பழுத்துவிட்டது. பறித்து உரித்துக் கழுவிப் பாயில் பரப்பினார். அன்றைக்கென்று பனிமூட்டம் இறங்கி உட்கார்ந்துகொண்டது. எதிரே நிற்கிற ஆள் தெரியவில்லை. பாயருகே போனால் லேசாகப் புளித்த வாடை அடித்தது. அக்கா ஒரு காலை நேரத்தில் கொட்டகை வாசலில் வந்து நின்றார்.

"ஏனுங்க இஞ்சினீரு, எல்லாத்தையும் உள்ள போடுங்க."

சார் தலையை ஆட்டினார். "தாயி, இன்னும் சீக்குப் பிடிபடல. நின்னுபோச்சுன்னா உங்க வெள்ளாமை மொத்தமும் போயிரும்."

"வெளிய கெடந்தாலும் போயிருமுங்க. மோந்து பாருங்க. உள்ள போட்டா ஒரு வழியாவது இருக்குது."

சார் டிரம்மின் கதவைத் திறந்துவிட்டார். காப்பி முழுவதும் டிரம்முக்குள் போனது. நான் அடுப்புக்குத் தீக்குச்சியை எடுத்தேன். அக்கா என் கையைத் தடுத்தார். தன் வீட்டு அடுப்பிலிருந்து ஒரு கொள்ளிக்கட்டையை எடுத்து வந்திருந்தார். மண்ணைத் தொட்டுக் கும்பிட்டு அவரே மூட்டினார்.

"இப்பத்தான் இது எங்க அடுப்புங்க பாயி. எங்க ஊட்டுல புது அடுப்பு மூட்டினா, மொதப் பண்டம் எறங்கி, சாமிக்கு ஒரு கை எடுத்து வெக்கிற வரைக்கும் அணைக்க மாட்டோம். மாமியா காலத்துலருந்து அப்படித்தான்."

"இதுக்கு முன்ன நாங்க அணைச்சோமே அக்கா?" என்றேன்.

"அது குச்சியில மூட்டுனதுங்க. அது உங்க அடுப்பு. அதுக்கென்ன வழக்கம் இருக்குது?"

டிரம் ஓடியது. வெளியே பனிமூட்டத்துக்குள் நாட்டு ஆட்கள் பத்துப் பன்னிரண்டு பேர் கம்பளியைப் போர்த்திக்கொண்டு குந்தியிருந்தார்கள். அரப்பளி முன்வரிசை. நான் எனக்குத் தெரிந்த துஆவை எல்லாம் ஓதிக்கொண்டிருந்தேன். சாரும் உதட்டுக்குள் ஏதோ முணுமுணுத்தார். அவர் ஜெபம் செய்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். மத்தியானம் ஆனது. பெல்ட் கிறீச்சிட்டது. டிரம் முனகி நின்றது.

"அடுப்பை அணைலே!" என்று சார் கத்தினார்.

அக்கா அடுப்புக்கு முன்னால் வந்து நின்றுகொண்டார். "அணைக்கப்படாதுங்க."

"தாயி, ஆறினாத்தான் தொறக்க முடியும். தொறந்தாத்தான் பார்க்க முடியும்."

"ஆற வெச்சுத் தெனமும் பாத்தீங்களே, என்னத்தக் கண்டீங்க? அணைக்கப்படாது. வேற எப்படியோ பண்ணுங்க."

சார் கிராம்பைத் துப்பினார். நான் எட்டிப் போய் நின்றேன். அக்கா வழி விடவில்லை. பிறகு சார், "சரி, சூட்டோட தொறக்கேன். ஒண்ணும் தெரியாது, நீங்களே பாருங்க" என்றார். அவர் அதைக் கோபத்தில்தான் சொன்னார், அவரே பிற்பாடு ஒப்புக்கொண்டார். காற்று டிரம்முக்குள் போகாமல் புகைபோக்கிக்குத் திரும்பும்படி காற்றுக் குழாயின் மடலைத் தள்ளி மூடினோம். அடுப்பு பாட்டுக்கு எரிந்தது. உள்ளே காப்பி தீய்ந்துவிடாமல் இருக்க, அக்காவும் மற்ற பெண்களும் டிரம்மின் கதவைத் திறந்து நீளக் கழிகளால் கிளறினார்கள். ஆவி அவர்கள் முகத்தில் அடித்தது. யாரும் நகரவில்லை.

நான் அடுப்புப் பக்கத்துப் பேரிங் பெட்டியின் மேல்மூடியைக் கழற்றினேன். சார் குனிந்தார். இடைவெளி அளக்கிற மெல்லிசான எஃகு இலை ஒன்றைக் குண்டுக்கும் வளையத்துக்கும் நடுவே நுழைக்கப் பார்த்தார். காலையில் ஆறியிருந்தபோது நுழைந்த இலை, இப்போது நுழையவில்லை. அதைவிட மெல்லிய இலையை எடுத்தார். அதுவும் இல்லை. குண்டுகள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தன. சார் செம்புத் தண்ணீரில் விரலை நனைத்து, பேரிங்கின் வெளிவளையத்தின் மேல் ஒரு சொட்டு விட்டார். சொட்டு அப்படியே உட்கார்ந்திருந்தது. ஷாஃப்டின் மேல் ஒரு சொட்டு விட்டார். சுர்ரென்று துள்ளி மறைந்தது.

சார் தரையில் உட்கார்ந்துவிட்டார். அப்புறம் சிரித்தார், அப்படி ஒரு சிரிப்பு. "ஏலே காசீம்! உள்ள அடுப்பு, வெளிய பனி. உள்வளையம் சூட்டுல ஊதுது, வெளிவளையம் குளுருல அப்படியே நிக்கி. நடுவுல குண்டுக்கு எங்கலே எடம்? நீளத்துக்கு எடம் விட்டேன், தடிமனுக்கு விடலியே. ஒவ்வொரு தடவையும் எண்ணெயில காய்ச்சி விரிய வெச்சு மாட்டுதோம், அதே சூடு ஓடும்போதும் விரிக்குமின்னு தோணலியே! ஆறினதும் ஒண்ணும் தெரியாத மாதிரி ஆயிருது. இன்னைக்குத்தான் கையும் களவுமாப் பிடிச்சோம்."

சிரித்து முடித்ததும் கையை நீட்டினார். "அந்தக் கெழவன் பல்லு ரெண்டையும் எடு" என்றார்.

அவர் நிறுத்திக் கொடுத்தால் மிஷின் பேசாது என்று பெயர் எடுத்த மனுஷன். இந்தப் பேரிங்கைப் போட்டால் அது சூடேறும்வரை கடகடக்கும் என்று அவருக்குத் தெரியும், எனக்கும் தெரியும். "சார், சத்தம்..." என்று இழுத்தேன்.

"பேசட்டும்லே" என்றார். தோள் பையை அவரே அவிழ்த்தார்.

ஷாஃப்டைச் சுற்றி ஈரச் சாக்கைக் கட்டி அந்த முனையை மட்டும் குளிர வைத்தோம். இறுக்கமான பேரிங்கைப் புல்லர் என்கிற இழுவைக் கருவி போட்டு இழுத்து எடுத்தோம். கழுவுகிற முறைகளில் ஒன்றைக்கூட அவர் குறைக்கவில்லை. முதல் தட்டு, இரண்டாம் தட்டு, எண்ணெய் எல்லாம் கிரமமாக நடந்தது. "அவசரம் நமக்குத்தான், அவங்களுக்கு இல்ல" என்றார். எண்ணெயைச் சூடாக்க அக்காவின் அடுப்பிலேயே ஓரமாக டின்னை வைத்தோம். சூடேறிய பேரிங்கைத் துணியில் ஏந்தி ஒரே தள்ளில் ஏற்றினேன், ஆறும்வரை பிடித்துக்கொண்டேன். துணியையும் மீறி உள்ளங்கை சுட்டது. விடத் தோன்றவில்லை. பிறகு மறு முனைக்கும் அதையே செய்தோம்.

மடலைத் திறந்ததும் டிரம் புறப்பட்டது. கடகடவென்று மாட்டு வண்டிச் சக்கரம் போல ஒரு சத்தம். வெளியே குந்தியிருந்தவர்கள் எல்லாரும் எழுந்துவிட்டார்கள். "எருமைக்கு உசுரு வந்துருச்சுங்களா?" என்று கேட்டது அரப்பளிதான். சாரின் காது மடல் சிவந்தது. ஆனால் கோலை எடுக்கவில்லை. சூடு ஏற ஏற, கடகடப்பு தணிந்து ஒரு உறுமலானது. பெல்ட் கிறீச்சிடும் நேரம் வந்தது, போனது. ஒன்றும் நடக்கவில்லை. மாலைக்குள் பெண்களின் முகத்தில் அடித்த ஆவி மெலிந்துவிட்டது. அடுப்புக்கு விறகு போட ஆள் மாற்றி ஆள் இருந்தோம்.

மறுநாள் பொழுது ஏறியபின் அக்கா டிரம்மின் கதவைத் திறக்கச் சொன்னார். ஒரு கை அள்ளினார். பருப்பு வெளிறிப் போய் உலர்ந்திருந்தது. ஒன்றை எடுத்துக் கடைவாயில் வைத்தார். நன்றாகக் காய்ந்த காப்பி கடித்தால் சத்தம் கேட்க வேண்டும், ஈரம் இருந்தால் பல் பதியும். எங்கள் எல்லாருக்கும் அது தெரியும். சார் கண்ணை மூடிக்கொண்டார்.

கடக்.

அக்கா இன்னொன்றை வெள்ளையனிடம் கொடுத்தார். அவரும் கடித்தார். கடக். அவர் பேசுகிற ஆள் இல்லை. மனைவியைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார். அக்காவின் கண்ணில் தண்ணீர் நின்றது. ஆவியால் வந்தது இல்லை அது, ஆவி அடங்கி ரொம்ப நேரம் ஆகியிருந்தது. ஒரு கை காப்பியை எடுத்து இலையில் மடித்துச் சாமிக்கென்று மடியில் செருகிக்கொண்டார். பிறகு சாரிடம் திரும்பி, "வழக்கம் முடிஞ்சதுங்க. இப்ப அணைச்சுக்குங்க" என்றார்.

நான் தண்ணீர்க் குடத்தைத் தூக்கினேன்.

"இருங்க, இருங்க, அணைச்சுப்போடாதீங்க!" அரப்பளி கம்பளியைக் கீழே போட்டுவிட்டுக் குறுக்கே வந்தார். "எம்பட காப்பி பாயிலதான் கெடக்குது. இப்பவே கொண்டாரேன்."

சொல்லிவிட்டு அவர் பனிமூட்டத்துக்குள் ஓடினார். அவருக்குப் பின்னாலேயே மற்றவர்களும் ஆளுக்கொரு திசையில் ஓடினார்கள்.